இருபத்திரண்டு படங்களும் ஒரு கிரகமும்

1965 யூலை 15. கலிபோர்னியாவின் பசடீனாவில் உள்ள ஜெட் புரொபல்ஷன் ஆய்வுகூடத்தில் பொறியியலாளர்கள் சிலர் ஒரு பலகைக்கு முன்னால் நின்று கடதாசிக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மரைனர் 4 விண்கலம் செவ்வாய்க்குக் கிட்டப் போய் எடுத்த முதலாவது படம் அப்போது பூமிக்கு வந்துகொண்டிருந்தது. படம் என்று சொன்னாலும் வந்தது வெறும் இலக்கங்கள். கணினி அதைப் படமாக்கித் தரும் வரைக்கும் அவர்களுக்குப் பொறுமை இல்லை. விண்கலத்தில் இருந்த நாடாப்பதிவுக் கருவி ஒழுங்காக வேலை செய்ததா என்ற பயமும் இருந்தது. ஆகவே ரிச்சர்ட் கிரம் என்ற பொறியியலாளரின் குழு அந்த இலக்கங்களை நீட்டுக் கடதாசிக் கீலங்களில் அச்சடித்து, பக்கம் பக்கமாகப் பலகையில் குத்தி, சித்திரக் கடையில் வாங்கின பாஸ்டல் குச்சிகளால் ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு நிறம் கொடுத்தது. வேறொரு கிரகத்தைக் கிட்ட இருந்து எடுத்த முதல் படத்தை மனிதர் முதலில் பார்த்தது இப்படித்தான்: கையால் நிறம் தீட்டி.

ஏன் இவ்வளவு நேரம் எடுத்தது எண்டு கேக்கலாம். ஒரு படத்தில் 200 வரிகள், ஒவ்வொரு வரியிலும் 200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையில் 64 படிகளில் ஒன்று. மொத்தம் 240,000 பிட். 20 கோடி கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில் இருந்து அதை அனுப்பக்கூடிய வேகம் செக்கனுக்கு எட்டுப் பிட்டுக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் ஒரு படத்துக்கு எட்டு மணித்தியாலம். இண்டைக்கு நாங்கள் ஃபோனில் ஒருவருக்கொருவர் அனுப்புகிற 100 கிலோபைட் படம் ஒன்று அந்த வேகத்தில் போய்ச் சேர ஒரு நாளைக்கு மேல் எடுக்கும்.

மரைனர் 4 எடுத்தவை 22 படங்கள். கடைசிப் படம் முழுமையாக இல்லை. இவை செவ்வாயின் மேற்பரப்பில் ஏறக்குறைய 1 வீதத்தைக் காட்டின. அந்த 1 வீதத்தை வைத்துக்கொண்டு உலகம் ஒரு கிரகம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதியது. ஆறே ஆறு வருடத்தில் அந்தத் தீர்ப்புத் தலைகீழானது. 22 படங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனா அதில இருந்து கட்டின கதை பிழை. உண்மையான படங்களில் இருந்து பிழையான கதை எப்படி வருகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

கதை படங்களுக்கு முன்னமே தொடங்குகிறது. எங்கட வீடுகளில் செவ்வாய் எண்டால் முதலில் ஞாபகம் வருவது சாதகக் கட்டமும் செவ்வாய்க் குற்றமும்தான். வானத்தில் இருக்கிற ஒரு சிவப்புப் புள்ளியில் ஒவ்வொரு சமூகமும் தன் பயத்தையும் ஆசையையும் ஏற்றி வைத்திருக்கிறது. தொலைநோக்கி வந்த பிறகும் அது நிற்கவில்லை. 1877 இல் செவ்வாய் பூமிக்குக் கிட்ட வந்தபோது, இத்தாலிய வானியலாளர் ஜியோவானி ஸ்கியாபரெல்லி அதன் வரைபடத்தைக் கீறினார். அதில் நீட்டு நீட்டான கோடுகள் தெரிந்தன. அவற்றை அவர் 'கனாலி' என்றார். இத்தாலிய மொழியில் அந்தச் சொல், தானாக உண்டான நீர்த்தடத்தையும் குறிக்கும், மனிதர் வெட்டின வாய்க்காலையும் குறிக்கும். ஆங்கிலத்துக்குப் போகேக்க அது வெட்டின வாய்க்காலாகவே போனது. வாய்க்கால் எண்டால் வெட்டின ஆக்கள் இருக்கத்தானே வேணும்.

அந்த ஆக்களைத் தேடியவர் அமெரிக்கப் பணக்காரர் பேர்சிவல் லோவெல். 1894 இல் அரிசோனாவின் பிளாக்ஸ்டாஃப் நகரில் சொந்தச் செலவில் ஒரு வானாய்வகம் கட்டி, வருடக்கணக்கில் செவ்வாயைப் பார்த்து நூற்றுக்கணக்கான கோடுகளை வரைந்தார். வரண்டு சாகிற ஒரு கிரகம், துருவத்துப் பனியை உருக்கி வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற புத்திசாலி மனிதர்கள் என்று புத்தகங்கள் எழுதினார். எச்.ஜி. வெல்ஸ் செவ்வாய்வாசிகள் பூமிக்குப் படையெடுத்து வருவதாக நாவல் எழுதியதும் இதே காலத்தில்தான்.

எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1903 இல் இங்கிலாந்தில் வோல்ட்டர் மோண்டர், ஜே.ஈ. எவன்ஸ் என்ற இருவர் ஒரு எளிய பரிசோதனை செய்தார்கள். கோடு ஒன்றுமே இல்லாமல், புள்ளிகளும் நிழல்களும் மட்டும் உள்ள ஒரு செவ்வாய்ப் படத்தைத் தூரத்தில் வைத்து, பாடசாலைப் பெடியன்களைப் பார்த்து வரையச் சொன்னார்கள். தூர இருந்த பெடியன்களில் பலர் கோடு வரைந்தார்கள். கண் தெளிவாகப் பார்க்க முடியாத இடத்தில் மூளை புள்ளிகளைத் தொடுத்துவிடுகிறது. 1909 இல் யூஜின் அன்ரோனியாடி பாரிசுக்குப் பக்கத்தில் உள்ள மெடோனின் பெரிய தொலைநோக்கியால் பார்த்தபோது, கோடுகள் உடைந்து தனித்தனித் திட்டுகளாகத் தெரிந்தன.

அதோடு வாய்க்கால் கதை மெல்ல மெல்லத் தேய்ந்தாலும் முழுதாகச் சாகவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படை தயாரித்த செவ்வாய் வரைபடத்தில்கூட அந்தக் கோடுகள் இருந்தன. பருவகாலம் மாறும்போது செவ்வாயில் சில இடங்கள் கறுத்து வருவதைப் பார்த்து, அது செடிகொடியாக இருக்கலாம் என்று வானியலாளர் சிலர் நம்பினார்கள். இந்த எதிர்பார்ப்பையெல்லாம் சுமந்துகொண்டுதான் மரைனர் 4 போனது. அதன் இரட்டைக் கலமான மரைனர் 3, மூடி கழராமல் 1964 நவம்பர் தொடக்கத்திலேயே செயலிழந்துவிட்டது. மரைனர் 4 நவம்பர் 28 இல் புறப்பட்டு, ஏழரை மாதம் பயணித்து, 1965 யூலை நடுப்பகுதியில் செவ்வாயை ஏறத்தாழ 9,800 கிலோமீற்றர் தூரத்தில் தாண்டிப் போனது. திரும்பிப் பார்க்க வழியில்லை. போற போக்கில் எடுத்ததுதான்.

முதல் படங்கள் மங்கலாக இருந்தன. ஏழாவது படத்துக்குப் பிறகு வடிவங்கள் தெரியத் தொடங்கின. பதினோராவது படம் எல்லாச் சந்தேகத்தையும் தீர்த்தது: விண்கற்கள் மோதி உண்டான பெரிய பெரிய வட்டப் பள்ளங்கள், சந்திரனில் இருக்கிற மாதிரியே. வாய்க்கால் இல்லை, கடல் இல்லை, பச்சை இல்லை. விண்கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்தபோது அதன் வானொலி அலை வளிமண்டலத்தைக் கடந்து வந்தது. அதை வைத்துக் கணித்தபோது, செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினதில் 1 வீதம்கூட இல்லை என்று தெரிந்தது. சொல்லும்படியான காந்தப்புலமும் அகப்படவில்லை.

பழைய பள்ளங்கள் அழியாமல் இருந்தால் அவற்றை அழிக்க மழையோ ஆறோ இருந்திருக்க முடியாது. இந்தத் தர்க்கத்தில் குறை இல்லை. ரொபேட் லெய்ட்டன் தலைமையிலான படக்குழுவும் இந்த மேற்பரப்பு மிகமிகப் பழையது என்ற முடிவுக்கே வந்தது. நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை 'செத்த கிரகம்' என்று தலையங்கம் எழுதியது. லோவெல் ஒரு கிரகத்தை ஆக்களால் நிரப்பினார். 1965 அதே கிரகத்தைச் சுடலையாக்கியது. முன்னதுக்கு ஆதாரமே இல்லை. பின்னதுக்கு ஆதாரம் இருந்தது, ஆனால் 1 வீதத்துக்கு மட்டும்.

அப்போதே இதைச் சந்தேகித்தவர்களில் ஒருவர் கார்ல் சேகன். அவரும் கூட்டாளிகளும் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள்: இதே தரத்தில் எடுத்த படங்களில் பூமி எப்படித் தெரியும்? டைரோஸ், நிம்பஸ் ஆகிய வானிலைச் செய்மதிகள் பூமியை எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை அவர்கள் பார்த்தார்கள். ஒரு கிலோமீற்றர் அளவான பொருட்கள்தான் தெரியும் என்ற நிலையில், மனிதர் இருப்பதற்கான தடயம் அநேகமாக ஒன்றுமே அகப்படவில்லை. கனடாவின் ஒன்ராறியோவில் மரம் வெட்டின காட்டுக்குள் பனி படிந்து நேர்நேராகத் தெரிந்த கோடுகள் அகப்பட்ட அரிய தடயங்களில் ஒன்று. 1966 இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தக் கமராவுக்குப் பூமியும் கிட்டத்தட்டச் செத்த கிரகம்தான். மரைனர் 4 இன் படங்களுக்கு உயிர் இருக்கா இல்லையா எண்டு சொல்லுற தகுதியே இல்லை. இந்தப் பதிலைக் கேட்க அந்த நேரம் பெரிதாக ஆள் இருக்கவில்லை.

1969 யூலை முடிவிலும் ஓகஸ்ட் தொடக்கத்திலும், அப்பலோ 11 சந்திரனில் இறங்கிச் சில நாட்களுக்குள், மரைனர் 6, மரைனர் 7 இரண்டும் செவ்வாயைத் தாண்டிப் போயின. இம்முறை படங்கள் கூட, தரமும் கூட. பள்ளங்களோடு, இடிந்து குழம்பிக் கிடந்த விசித்திரமான நிலமும் தெரிந்தது. என்றாலும் பெரிய கதை மாறவில்லை. இதில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு சின்ன விடயம். தொலைநோக்கிக் காலத்திலேயே ஸ்கியாபரெல்லி ஒரு வெள்ளைத் திட்டுக்கு 'நிக்ஸ் ஒலிம்பிகா', அதாவது ஒலிம்பஸின் பனி, என்று பெயர் வைத்திருந்தார். 1969 இல் தூரத்தில் இருந்து எடுத்த படங்களில் அந்த இடம் ஒரு பெரிய வளையமாகப் பதிவானது. பார்த்தவர்கள் அதைப் பெரிய மோதல் பள்ளம் ஒன்று என்று வாசித்தார்கள். பள்ளங்களின் கிரகத்தில் வட்டமாக எது தெரிந்தாலும் பள்ளம்தானே! சூரியக் குடும்பத்தின் மிகப் பெரிய எரிமலை படத்துக்குள்ளேயே இருந்தது. கமரா அதைப் பிடித்திருந்தது, பார்த்த கண்களுக்குத்தான் அது பிடிபடவில்லை.

அடுத்தது 1971. இம்முறை திட்டம் வேறு: தாண்டிப் போகாமல் செவ்வாயைச் சுற்றிச் சுற்றி வந்து முழுக் கிரகத்தையும் படமெடுப்பது. மே மாதம் ஏவிய மரைனர் 8 அத்திலாந்திக் கடலுக்குள் விழுந்தது. அந்த மாதக் கடைசியில் ஏவிய மரைனர் 9 தப்பிப் போய், நவம்பர் 14 இல் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்தது. வேறொரு கிரகத்தைச் சுற்றிய முதல் விண்கலம் அது. கமராவைத் திருப்பினால், ஒன்றுமே இல்லை. செப்ரெம்பர் கடைசியில் தொடங்கின தூசிப்புயல் முழுக் கிரகத்தையும் மூடியிருந்தது. இவ்வளவு தூரம் போய்ப் பார்த்தது தூசியை மட்டும்.

அதே நாட்களில் சோவியத் ஒன்றியத்தின் மார்ஸ் 2, மார்ஸ் 3 கலங்களும் வந்து சேர்ந்தன. அவற்றின் வேலைத்திட்டம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது, புயலுக்காகக் காத்திருக்க வழியில்லை. மார்ஸ் 2 இன் இறங்குகலம் மோதி அழிந்தது. மார்ஸ் 3 இன் இறங்குகலம் டிசெம்பர் 2 இல் பத்திரமாக இறங்கியது, செவ்வாயில் அப்படி இறங்கிய முதல் கலம் அதுதான். ஆனால் ஏறத்தாழ 20 செக்கனில் அதன் சமிக்ஞை நின்றுவிட்டது. வந்த துண்டுப் படத்தில் எதையும் அடையாளம் காண முடியவில்லை. மரைனர் 9 க்கோ பூமியில் இருந்து புதுக் கட்டளை அனுப்பலாம். ஆகவே அதைக் காத்திருக்கச் சொன்னார்கள். இடைப்பட்ட நேரத்தில் அது செவ்வாயின் இரண்டு சின்னச் சந்திரன்களான போபொஸ், டெய்மோஸ் இரண்டையும் படமெடுத்தது.

தூசிக்கு மேலால் நான்கு கறுத்தப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. அதில் ஒன்று நிக்ஸ் ஒலிம்பிகா இருந்த இடம். கிட்டப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு குழி. இங்கேதான் விஞ்ஞானிகள் யோசித்தார்கள்: முழுக் கிரகமும் தூசிக்குள் மூழ்கிக் கிடக்க இவை மட்டும் வெளியே தெரிகிறது என்றால், இவை மிக உயரமான மலைகளாக இருக்க வேண்டும். நான்கு மலையின் உச்சியிலும் சரியாக விண்கல் வந்து விழுந்திருக்குமா? இராது. அப்போ அவை எரிமலை வாய்கள். எல்லாவற்றையும் மறைத்த அதே புயல்தான், முதன்முதலில் எது உயரம் எது பள்ளம் என்று காட்டித் தந்தது.

1972 தொடக்கத்தில் தூசி அடங்க அடங்க, ஒரு புதுக் கிரகம் வெளியே வந்தது. நிக்ஸ் ஒலிம்பிகா, ஒலிம்பஸ் மொன்ஸ் ஆனது: ஏறத்தாழ 22 கிலோமீற்றர் உயரம், 600 கிலோமீற்றர் அகலம். எவரெஸ்ட் ஒன்பது கிலோமீற்றரும் இல்லை. மத்தியகோட்டுக்குக் கிட்ட 4,000 கிலோமீற்றர் நீளத்துக்கு, இடத்துக்கு இடம் 7 கிலோமீற்றர் ஆழத்துக்கு, நிலம் பிளந்து கிடந்தது. கண்டுபிடித்த கலத்தின் பெயரையே வைத்து அதை வல்லெஸ் மரினெரிஸ், மரைனர் பள்ளத்தாக்குகள், என்றார்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய அதிர்ச்சி, வரண்டுபோன ஆற்றுப் படுக்கைகள். கிளை பிரிந்து, வளைந்து, திட்டுகளைச் சுற்றி ஓடின தடங்கள். இப்போது ஓடுவதில்லை, ஆனால் ஒரு காலம் தண்ணீர் ஓடியிருக்கிறது. அந்தப் பெரிய பள்ளத்தாக்குகளுக்குப் பல மொழிகளில் செவ்வாய்க்கு உள்ள பெயர்களையே வைத்தார்கள்: கசெய் என்பது யப்பானிய மொழிப் பெயர், மங்கள என்பது சமஸ்கிருதப் பெயர்.

பருவத்தோடு கறுத்துவந்த 'செடிகொடிகளும்' விளங்கின. காற்று தூசியை ஒரு இடத்தில் இருந்து வாரி இன்னொரு இடத்தில் கொட்டுகிறது, கீழே உள்ள கறுத்தப் பாறை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். லோவெலின் கோடுகளுக்கு ஒத்த எதுவும் அங்கே இல்லை. வெட்டின வாய்க்கால் பொய், ஆனால் தண்ணீர் உண்மை. 1972 ஒக்ரோபரில் நிலைகட்டுப்பாட்டு வாயு தீர்ந்து மரைனர் 9 ஓயும்போது 7,329 படங்களை அனுப்பியிருந்தது. 22 படங்கள் சொன்ன கதையும் 7,329 படங்கள் சொன்ன கதையும் ஒரே கிரகத்தினுடையவை என்று நம்புவது கஷ்டம். முதல் மூன்று மரைனர்களும் போன பாதையில் பெரும்பாலும் பழைய, பள்ளம் நிறைந்த நிலமே அகப்பட்டது. எரிமலைகளும் பள்ளத்தாக்குகளும் ஒன்றில் அந்தப் பாதைக்கு வெளியே இருந்தன, இல்லாட்டி தூரத்து மங்கலுக்குள் இருந்தன.

இதெல்லாம் வெறும் அறிவுப் பசிக்காக மட்டும் இல்லை. ஒரு கலம் தப்புமா, நொருங்குமா என்பதே படத்தை எப்படி வாசிக்கிறோம் என்பதில் தங்கியிருந்தது. வைக்கிங் 1 ஐ 1976 யூலை 4 இல், அமெரிக்காவின் 200 ஆவது சுதந்திர தினத்தில், இறக்கத் திட்டமிட்டிருந்தார்கள். மரைனர் 9 இன் படங்களில் மட்டமாகத் தெரிந்த இடம் ஒன்றைத் தெரிவும் செய்திருந்தார்கள். வைக்கிங் சுற்றுக்கலம் போய் அதைக் கூடிய தெளிவோடு எடுத்துப் பார்த்தால், அது கரடுமுரடான ஆற்றுப் படுக்கை. கொண்டாட்டத்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடினார்கள். யூலை 20 இல் இறங்கியது. இறங்கின இடத்தில் இருந்து ஏறத்தாழ எட்டு மீற்றர் தூரத்தில் இரண்டு மீற்றர் அகலமான பாறை ஒன்று நின்றது. 'பிக் ஜோ' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சுற்றுப்பாதையில் இருந்து எடுத்த எந்தப் படத்திலும் அந்தப் பாறை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கலம் அதற்கு மேல் இறங்கியிருந்தால் கதை முடிஞ்சுது.

அடுத்த நாள் முதலாவது நிறப்படம் வெளியானது. அதில் செவ்வாயின் வானம் எங்கட வானம் மாதிரி நீலமாக இருந்தது. கமரா நிறத்தைப் பார்ப்பதில்லை. மூன்று வடிகட்டிகளுக்கு ஊடாக மூன்று அளவுகளை எடுத்துத் தருகிறது, அவற்றை எந்த விகிதத்தில் கலப்பது என்பதை மனிதர்தான் தீர்மானிக்கிறார். அவசரத்தில் கலந்தவர்கள், தெரியாமலே, தங்களுக்குப் பழக்கமான வானத்தைக் கலந்துவிட்டார்கள். கலத்தில் பூட்டியிருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்தியபோது, காற்றில் மிதக்கிற தூசியால் வானம் இளஞ்செம்மை என்று தெரிந்தது. அதை அறிவித்தபோது கூடியிருந்த நிருபர்கள் ஊளையிட்டார்களாம். நீல வானம் எண்டால் வீடு மாதிரி இருந்திருக்கும், பாவம்!

அதே மாதம் 25 ஆம் திகதி சுற்றுக்கலம் சிடோனியா என்ற இடத்தில் ஒரு குன்றைப் படமெடுத்தது. வெயில் சாய்ந்து விழ, அது மனித முகம் மாதிரித் தெரிந்தது. வெளிச்சமும் நிழலும் செய்கிற வேலை என்று நாஸா அப்போதே சொன்னது. ஆனாலும் முகத்தைச் சுற்றிப் புத்தகங்களும் கட்டுக்கதைகளும் இருபது வருடத்துக்கு மேல் ஓடின. 1998 இலும் 2001 இலும் மார்ஸ் குளோபல் சேர்வேயர் கிட்டப் போய் எடுத்தபோது, அது தேய்ந்துபோன சாதாரண மேட்டுநிலம். 1903 இல் அந்தப் பாடசாலைப் பெடியன்கள் இல்லாத கோட்டைக் கண்ட அதே வித்தைதான்.

படத்தை நம்பக்கூடாது என்று சொல்ல நாங்கள் வரவில்லை. லோவெலின் வாய்க்கால்களை அழித்தது படம்தான், 'செத்த கிரகம்' என்ற தலையங்கத்தை அழித்ததும் படம்தான். படத்தின் பிழையைத் திருத்தியது ஒவ்வொரு முறையும் இன்னொரு படம்: இன்னும் கிட்ட, இன்னும் கூட, இன்னும் பொறுமையாக எடுத்தது. ஆகவே ஒரு படம் முன்னால் வரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இது முழுசில் எத்தனை வீதம்? இந்தத் தரத்தில் எது தெரியும், எது தெரியாது? நிறத்தை யார் தீர்மானித்தது? தெரியாத இடத்தை நிரப்பினது கமராவா, எங்கட பழக்கமா? செவ்வாய்க்குக் கேட்கிற இந்தக் கேள்விகளைப் பூமியில் எடுத்த படங்களுக்கும் கேட்கலாம்.

இப்போது கியூரியோசிற்றி, பெர்சிவியரன்ஸ் ஊர்திகள் எடுக்கிற படங்களை, நிறம் திருத்தாத மூலப் படங்களாகவே, நாஸா எல்லோருக்கும் திறந்து விடுகிறது. ஃபோனில் எடுத்துப் பார்க்கலாம், காசு இல்லை. 2006 இல் இருந்து ஹைரைஸ் என்ற கமரா சுற்றுப்பாதையில் நின்று மேசை அளவுப் பாறையையும் பிடிக்கிற தெளிவோடு செவ்வாயை எடுத்து வருகிறது. இத்தனை வருடமாகியும் அந்தத் தெளிவில் அது எடுத்திருப்பது முழு மேற்பரப்பில் சில வீதம் மட்டும்தான்.